ஒன்பதாம் அறைக் குழந்தை

காலை ஏழு மணிக்கே அந்த டெட்ராய்ட் வீட்டுச் சமையலறையில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. வெர்லீன் முட்டை வறுத்த சட்டியை அடுப்பின்மேல் டமாலென்று வைத்தாள்.

"மேடம் கையெழுத்து போட்டாச்சா?"

நடீன் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினாள். இந்த நாத்தனாரைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவள் அவள்தான். இரட்டை ஷிப்ட் பார்த்துப் படிக்க வைத்து, தன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாகச் சேர்த்தும் விட்டாள்.

"நேத்து உங்க மேஜையில அந்த உத்தரவைப் பார்த்தேன் அண்ணி... ஒன்பதாம் ரூம் குழந்தையைக் கறுப்பு நர்ஸ் யாரும் தொடக்கூடாதாம். அதோட அப்பன் கேட்டானாம், ஆஸ்பத்திரியும் சரின்னுடுச்சாம். கீழ உங்க பேரு. நாற்காலி கிடைச்சதும் நாங்கல்லாம் தீட்டாயிட்டோமா?"

கணவன் கர்ட்டிஸ் காபிக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தான். "போட்டாத்தான் என்ன? ஓய்வுக்கு இன்னும் ரெண்டே வருஷம். மேற்பார்வையாளர் பதவி சும்மாவா கிடைச்சுது?"

அதுதான் நடீனைச் சுட்டது. சின்னவள் திட்டினால் தாங்கலாம்... கட்டியவனே இப்படிப் பேசினால்? பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி. அதற்குப் பிறகும் நோயாளியின் சொந்தக்காரர்கள் அவளைத் துப்புரவுக்காரி என்று நினைத்து அவளிடம்தான் குப்பைக் கூடையை நீட்டினார்கள். பதவி ஏற ஏற அவமானமும் கூடவே ஏறியது. இதை வீட்டில் யாரிடம் சொல்லி அழ?

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நடீன், இன்னைக்குள்ள கையெழுத்து வரலைன்னா உங்க பதவியைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்."

"நேத்தே முடியாதுன்னு சொன்னேனே சார். அந்த வார்டுக்கு அதிகாரி ஜூடித். உங்க பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. அந்த வெள்ளைக்காரம்மாவை விட்டுட்டு மாடி ஏறி என்கிட்ட ஏன் வந்தீங்க? கறுப்பு பொம்பளையே போட்டுட்டா நாளைக்கு எவனும் கேள்வி கேக்கமாட்டான், அதானே? பதவியை நீங்களே வெச்சுக்குங்க. என் பேரு அதுல ஏறாது."

அவள் போனை வைத்தாள். வெர்லீன் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"பாவி நான்... வாய்க்கு வந்ததைப் பேசிட்டேனே அண்ணி... ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ எங்கடி கேட்டே? தீர்ப்புல்ல சொன்னே."

கர்ட்டிஸ் எழுந்து போய்க் கார்ச் சாவியை எடுத்துவந்தான். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுதது போதும், யூனிபார்மை மாட்டு. பத்து மணிக்கு அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டணும். நீயே குளிப்பாட்டு. எவன் தடுக்குறான்னு நான் வாசல்ல நின்னு பாக்குறேன்."