டானர் ஓடை வடிந்த மாலை

மழைமானியில் சேர்ந்திருந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது.

லோர்னா புரூயிட் அந்தக் குழாயைக் கம்பத்திலிருந்து கழற்றி, மேகம் விட்டுவைத்திருந்த கொஞ்ச வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழைக்கோட்டின் தலைமூடியில் நீர் சடசடவென்று அறைந்துகொண்டிருந்தது. நெஞ்சுயரக் கம்பம், பக்கத்தில் மரமில்லை, கூரையில்லை. வானத்திலிருந்து விழுவதைத் தவிர வேறெதுவும் அந்தக் குழாய்க்குள் போக வழியில்லை. ஆனாலும் உள்ளே சேற்றுத் தண்ணீர். அடியில் விரற்கடை வண்டல். அழுகிய இலைத் துணுக்கு ஒன்று, யாரோ கிண்டிவிட்டதுபோல் சுழன்றுகொண்டே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ஓடைக்குள் இறங்கிக் கல்லைப் புரட்டினால் வருமே, அந்த வாடை.

டானர் ஓடையோ எதிர்வீட்டுக்குப் பின்னால், உயரமான கரைக்குக் கீழே எங்கேயோ உறுமிக்கொண்டிருந்தது.

கென்டக்கியின் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் வருடக்கணக்காகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் லோர்னா. எந்த மழைக்கு எந்த வளைவில் தண்ணீர் நிற்கும் என்று ஸ்டீயரிங் பிடித்த கைக்கே தெரியும். கணவன் போய்ச்சேர்ந்த பிறகு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும் என்றுதான் ஊரின் மழை பார்க்கும் குழுவில் சேர்ந்தாள். எதிர்வீட்டு ஹாலிஸ் ஜென்ட்ரிதான் சேர்த்துவிட்டவன். சுரங்கத்தில் இடுப்பை உடைத்துக்கொண்டு வீட்டோடு முடங்கியவன் அவன். தடி ஊன்றி நடப்பான், வாய் மட்டும் ஓயாது. குழுவை நடத்துகிற இளைஞன் கார்பின் யேட்ஸ், தீயணைப்பு நிலையத்தில், குழுவினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கைரேடியோவோடு உட்கார்ந்திருந்தான்.

லோர்னா சமையலறைக்கு வந்து, குழாயை மேடையில் நிறுத்திவிட்டு, ரேடியோவை எடுத்தாள்.

"ஹாலிஸ், உன் மழைமானில தண்ணி என்ன நிறம்?"

"காப்பி நிறம். கொஞ்சம் பால் ஊத்துனா குடிச்சிடலாம்."

"விளையாடாத."

"நான் எங்க விளையாடறேன்? மேகம் நம்ம ஓடையைத் தூக்கிட்டுப் போயி நம்ம தலையிலயே கொட்டுது போல. உனக்கும் அப்படியேதானா?"

கார்பின் குறுக்கே வந்தான். "காத்துல சேறு அடிச்சிருக்கும், மிஸ் லோர்னா. ரெண்டு பேரும் அதைக் கொட்டிடாதீங்க. வீட்டுக்குள்ள வைங்க, நான் வந்து பாக்கறேன். என்னோடது சுத்தமாத்தான் இருக்கு."

"உள்ளதான் வெச்சிருக்கேன்," என்றான் ஹாலிஸ். "பூனை அதைப் பாத்து சீறிட்டிருக்கு. நான் வெச்ச சோத்தைப் பாத்துகூட அது இப்படி சீறினதில்ல."

மழை கொஞ்சங்கொஞ்சமாக இளைத்தது. அந்திக்கு முன்னால் கார்பினின் குரலில் தெம்பு வந்துவிட்டது. சாலையின் அடிக்கோடியில் தாழ்வான பாலத்தின்மேல் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறி, அதோடு நின்றுவிட்டதாம். நாலைந்து வீடுகளில் கீழ்த்தளம் நனைந்திருக்கிறது, ஒரு கோழிக்கூண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். "சின்ன வெள்ளம்னு சொன்னேன்ல? சின்ன வெள்ளந்தான். வடிய ஆரம்பிச்சாச்சு."

லோர்னா அடுப்பில் அவரைப்பயறைச் சூடு பண்ணினாள். சோளரொட்டியை வெட்டினாள். கூரையிலிருந்து சொட்டும் ஓசையும், குளிர்பெட்டியின் முனகலும், ஈரச் சட்டை நாற்காலியில் காயும் வாசனையும் சேர்ந்து வீடு பழையபடி வீடாகிக்கொண்டிருந்தபோதுதான், சுவரில் ஒரு கோடு இருப்பதைக் கண்டாள்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். நான்கு சுவரிலும், இழுத்துப் பிடித்த நூல்போல நேராக. கோட்டுக்கு மேலே வெளிர்மஞ்சள் சுவர். கீழே ஊறிக் கருத்த சுவர். சுவருக்குள் தண்ணீர்க்குழாய் எங்காவது உடைந்திருக்கும் என்று தரையைத் தடவினாள். தரை காய்ந்து கிடந்தது. சுவரைத் தொட்டாள். கையில் ஈரம் ஒட்டவில்லை. ஆனால் விரல்கள் குளிர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத எதுவோ அந்த விரல்களை ஒரே பக்கமாக, மெதுவாக, தள்ளிக்கொண்டே இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வயசாகிறது, என்று சொல்லிக்கொண்டாள். பசி, என்று சொல்லிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது ஜன்னல் திரையின் கீழ்விளிம்பு பூப்போல விரிந்து மேலெழும்பி நின்றது. காற்றே இல்லை. நாற்காலிக்கடியில் கழற்றிப்போட்ட செருப்புகளில் ஒன்று, தரையைத் தொடாமல், அறையின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது. மேசை உயரம்வரை வேகமாக விழுந்தது. அதற்கப்புறம் ஆடி ஆடி, சாவகாசமாக இறங்கித் தரையில் படுத்தது. சத்தமே வரவில்லை.

அதை எடுக்கக் குனிந்தாள். மூச்சை இழுத்தாள்.

மூச்சு வரவில்லை. மூக்கில், தொண்டையில், காதில், பனிபோன்ற குளிர் ஒரே நேரத்தில் புகுந்தது. சேற்று ருசி. நிமிர்ந்து இருமினாள், இருமினாள், சிங்கில் துப்பினாள். துப்பியது பழுப்பாக இருந்தது. முகத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு துளி ஈரமில்லை.

சுவரில் கோடு இப்போது அவள் இடுப்புக்கு நேரே நின்றது.

"லோர்னா." ரேடியோவில் ஹாலிஸ். குரலில் கிண்டல் இல்லை. "என் பூனை நீந்துது."

"ஹாலிஸ், வெளிய போ. இப்பவே போ."

"கதவு திறக்கல. யாரோ உள்பக்கமிருந்து முதுகு குடுத்து நிக்கற மாதிரி அமுக்குது. தரை காஞ்சு கெடக்கு, லோர்னா. என்னால அடி எடுத்து வைக்க முடியல. தண்ணிக்குள்ள நடக்கற மாதிரியே இருக்கு. எனக்குப் பைத்தியமா?"

"இல்ல. எனக்கும் அப்படித்தான்." அவள் தன் கதவுக்கு வந்திருந்தாள். நாலு எட்டுக்கே தொடை கடுத்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி உள்ளே இழுத்தாள். அசையவில்லை. ஜன்னல் சட்டங்கள் மழையில் ஊறிப் பருத்து இறுகியிருந்தன. "கார்பின்! கேக்குதா? எங்க வீட்டுக்கு வா. கோடாலி எடுத்துட்டு வா."

"மிஸ் லோர்னா? ஓடை எறங்கிடுச்சே. உங்க தெருவுல தண்ணியே கெடையாது—"

"வீட்டுக்குள்ள ஏறுது! வாடா!"

ரேடியோவோடு அவள் மேசைமேல் ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. மஞ்சள் விளக்கொளியில் ஹாலிஸ் நின்றுகொண்டிருந்தான், தடியை விட்டுவிட்டு, திரைக்கம்பியைப் பிடித்தபடி. சட்டையின் கீழ்முனை அவனைச் சுற்றி மெல்ல அலைந்தது. வெளியே மேகம் பிளந்து சாலை நெடுக அந்தி வெயில் விழுந்திருந்தது. யாரோ ஒருத்தி நாயைக் கூட்டிக்கொண்டு, குட்டைகளைத் தாண்டித் தாண்டி, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். லோர்னா கத்தினாள். அவள் திரும்பவில்லை.

"நாற்காலில ஏறு, ஹாலிஸ்."

"இந்த இடுப்ப வெச்சுகிட்டா?" மூச்சு வாங்கினான். "கழுத்துக்கு வந்துடுச்சு. சில்லுனு இருக்கு. லோர்னா, அந்தப் பக்கம் போயிடாத. ஜன்னல்லயே நில்லு. நான் உன்னத்தான் பாத்துட்டிருக்கேன்."

"இங்கதான் நிக்கறேன்."

"ஏதோ காலுல உரசுது."

"பூனையா இருக்கும்."

"பூனை அலமாரி மேல இருக்கு," என்றான் ஹாலிஸ்.

அதற்குமேல் ரேடியோவில் வந்தது பேச்சில்லை. கொப்புளிக்கும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

கோடு அவள் நெஞ்சைத் தாண்டியது. தலைமுடி தோளிலிருந்து எழும்பி முகத்தைச் சுற்றி விரிந்தது. காது அடைத்தது. குளிர்பெட்டியின் முனகல் தூரத்துக்குப் போனது. முகத்தை நிமிர்த்திக் கூரையோடு ஒட்டினாள். கூரைக்கும் உதட்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்று. இன்னும் கொஞ்சம். இல்லை.

கண்ணாடி உடைந்தது.

கோடாலியின் முனை. கார்பினின் கை. அந்தக் கை ஜன்னலுக்குள் நுழைந்ததும், சட்டையின் கைத்துணி தானாக உப்பி எழுந்தது. அவன் அலறினான், ஆனாலும் கையை எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். உடைந்த ஜன்னல் வழியே அவளோடு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை.

தாழ்வாரப் பலகையில் குப்புற விழுந்து, வாய் வாயாகச் சேற்றுநீரைக் கக்கினாள். உடுப்பு உலர்ந்திருந்தது. முடி உலர்ந்திருந்தது.

"என்ன இது?" என்றான் கார்பின். "மிஸ் லோர்னா, என்ன இது?"

அவள் பலகையில் கையூன்றினாள். எழுந்தாள். விழுந்து, மறுபடி எழுந்து, சாலையைக் கடந்தாள். கார்பின் பின்னாலேயே ஓடிவந்தான். ஹாலிஸின் படிக்கட்டில் மழைத்துளிகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. கார்பின் ஜன்னலை உடைத்து, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான். எட்டவில்லை.

வரவேற்பறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் உலர்ந்திருந்தன, செய்தித்தாள்கூட. கூரைக்கு ஒரு சாண் கீழே ஹாலிஸ் கிடந்தான், முகம் தரையைப் பார்க்க, கைகள் விரிந்து தொங்க. கண்கள் திறந்திருந்தன. சட்டை மெல்ல அலைந்தது.

"மெதக்கறாரு," என்றான் கார்பின்.

மிதக்கவில்லை. லோர்னா அதைப் பார்த்துவிட்டாள். மிதப்பது ஒரே பக்கமாகப் போகும். ஹாலிஸ் ஒரு பக்கம் நகர்ந்தான். நின்றான். மறுபக்கம் நகர்ந்தான். ஏதோ மூக்கால் முட்டிப் பார்ப்பதுபோல்.

எதிர்ச்சுவரில் விளக்கொளி விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு நிழல் வந்தது. நீளமாக. சுவரின் இந்தக் கோடியிலிருந்து புறப்பட்டு, அந்தக் கோடிவரை போய், இன்னும் வால் வந்துகொண்டே இருந்தது. அறையில் அந்த நிழலை விழவைக்க எதுவுமே இல்லை.

அது மெதுவாகத் திரும்பியது. ஹாலிஸின் உடல் குலுங்கியது.

பிறகு அந்த நிழல் நின்றது. ஜன்னலுக்குள் இன்னும் நீட்டியபடியே இருந்த கார்பினின் கை இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது.