பதியக் கல்

பதியத்தின் மேல் வைத்திருந்த கல் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. பூனை தட்டியிருக்கும் என்று மூத்தவள் சொல்லிக்கொண்டாள். ஆனால் இரண்டு கையால் தூக்க வேண்டிய கல்லைத் தட்டுகிற பூனை அந்தத் தெருவில் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர்ப்படியின், அதாவது கொழுந்தன் பெண்டாட்டியின் வீடு. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு மஞ்சள் மல்லிக் கன்றுகளில் இளையவளுடையது சுவரேறிப் பூத்துக் குலுங்க, இவளுடையது குச்சியாக நின்று செத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் வீட்டு கேட் அருகே நின்றார்கள். "அவளுக்குக் கைராசி" என்று இவள் புருஷனே சாப்பிடும்போது சொன்னார். வயிறு எரிந்தது. கேட்டால் ஒரு கொடி கொடுத்திருப்பாள்தான். அவளிடம் போய்க் கேட்பதா? ஆளில்லாத நேரத்தில் சுவர் தாண்டித் தொங்கிய கொடியை இழுத்து, பிளேடால் பட்டையைச் சீவி, வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போட்டு, மேலே கல்லை வைத்தாள். அவசரத்தில் பிளேடு ஆள்காட்டி விரலையும் சீவியது. வேர் பிடித்ததும் கொடியை அறுத்துவிட்டுத் தாய்ச்செடிக்கு வெந்நீர் ஊற்றுவதாக எண்ணம்.

இருபது நாளாகியும் விரல் ஆறவில்லை. வலிக்கவும் இல்லை. கட்டைப் பிரித்தால் மல்லி மணந்தது. நேற்று பொறுமை போய், கொடியை அறுக்காமலேயே சுவர் மேலிருந்து தாய்ச்செடியின் அடியில் வெந்நீரை ஊற்றிவிட்டாள். இரவு முழுக்க இவளுடைய உள்ளங்கால்கள் எரிந்தன. காலையில் அந்தச் செடியில் பூ இரட்டிப்பாகியிருந்தது.

இப்போது பொழுது சாய்கிற நேரம். வேர் வந்ததா என்று பார்க்க மண்டியிட்டு, ஈர மண்ணுக்குள் கையை நுழைத்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு. மெல்லிய இழைகள் விரலைச் சுற்றின. கட்டு அவிழ்ந்தது. இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். நெஞ்சுக்குள் எதுவோ இழுபட்டது.

கேட் திறந்தது. இளையவள் செடி வெட்டும் கத்தரியோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேக்கா."

மண்ணை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"பரவால்ல. நல்லா வேர் பிடிச்சிருச்சு. இனி தாய்கிட்டேருந்து அறுத்துடலாம்."

கொடியை அவள் தொடவில்லை. அக்காவின் முழங்கையைப் பதமாகப் பிடித்து, கணு தேடுவதுபோல் விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தாள். மணிக்கட்டில் நிறுத்தினாள்.

மூத்தவள் கையை உருவப் பார்த்தாள். கத்தரி குளிர்ச்சியாகத் தோலில் உட்கார்ந்தது. மண்ணுக்குள் அவளுடைய விரல்கள், அவள் அசைக்காமலே, இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கின.