மணல் மேசை

அக்கா புதிதாகக் குடிவந்திருந்த அந்தப் பழைய வீட்டுக்குத் தம்பி வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் தோள்பையில் இரண்டு மோட்டார், ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு காந்தம். அக்கா தச்சு வேலை செய்பவள். வட்ட மேசையை இழைத்து, மெருகேற்றி, கூடத்தில் தயாராக வைத்திருந்தாள். அதன் நடுவே ஆழமில்லாத பள்ளம். அதில் மணலைப் பரப்பி ஓர் இரும்புக் குண்டை வைத்து, அடியிலிருந்து மோட்டார் காந்தத்தை நகர்த்தினால், குண்டு உருண்டு மணலில் படம் வரையும். இருவரும் போனிலேயே பேசிப் பேசி வளர்த்த ஆசை அது.

"மணல் எங்கக்கா?"

"பின்னாடி ரூம்ல ஒரு பெட்டி நிறைய இருந்துச்சுடா. ஆணி அடிச்சு வெச்சிருந்தாங்க. மாவு மாதிரி மணல்."

"முன்ன இருந்தவங்களோடதா? கேக்காம எடுக்கலாமா?"

"மணலைத் தேடிக்கிட்டு சொந்தக்காரன் வருவானாக்கும்!" என்று சிரித்தாள்.

கொட்டியபோது ஒரு வாடை எழுந்தது. நெடுநாள் நோயாளி கிடந்த படுக்கையின் வாடை.

இருட்டுவதற்குள் வயர்களை இணைத்துவிட்டான். குண்டு சரசரவென்று உருண்டு, அவன் கொடுத்திருந்த பூவை வரையத் தொடங்கியது. கடைசி இதழை முடிக்காமல் நின்றது. பிறகு வேறு பக்கம் திரும்பியது.

ஒரு தாடை. ஒரு காது. நெற்றியில் விழுந்த முடிக்கற்றை.

"டேய், என் மூஞ்சியா? பெரிய ஆளுதான்டா நீ!"

பூவைத் தவிர வேறெந்தப் படத்தையும் அவன் போர்டில் பதிந்திருக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான்.

குண்டு நிற்கவில்லை.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். மோட்டார் அசையவில்லை. காந்தம் ஓர் ஓரமாக அப்படியே கிடந்தது. தலைக்குமேல், பலகைக்கு அந்தப் பக்கம், சரசரப்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் தள்ளி நில்லுக்கா."

அவன் நிமிர்ந்தபோது குண்டு கண்களுக்கு வந்திருந்தது. அங்கே அது வரையவில்லை. சுற்றிச் சுற்றித் தோண்டியது.

அக்கா கண்ணைக் கசக்கினாள். "தூசி விழுந்துடுச்சு போல." விரலில் மணல் ஒட்டியிருந்தது. அடுத்த கணம், கண்ணீர் வழிவதுபோல இரண்டு கன்னத்திலும் மணல் வழிந்தது.

"எரியுதுடா! ஏதாவது பண்ணுடா!"

குண்டைப் பிடித்து இழுத்தான். அது பிடிக்குள்ளேயே சுழன்றது. வேறு வழி தெரியாமல், உள்ளங்கையால் மணலில் இருந்த கண்களை ஒரே வீச்சில் அழித்தான்.

குண்டு நின்றது. அலறலும் நின்றது.

"எரிச்சல் போயிடுச்சு," என்றாள் அக்கா மெதுவாக. "ஆனா ஏன்டா லைட்டை அணைச்ச?"

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். அவளது புருவத்துக்குக் கீழே வெறும் தோல். இமை இல்லை, குழி இல்லை. தடவிச் சமப்படுத்தியதுபோல் வழவழவென்று இருந்தது. அவன் உள்ளங்கை ரேகைகள்கூட அதில் லேசாகப் பதிந்திருந்தன.

மறுநாளே மேசையைப் பிளந்து எரித்தான். மணலை ஆற்றில் கொட்டினான். ஆஸ்பத்திரியில், பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார் டாக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டான். வேறென்ன சொல்வது?

அக்கா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ காப்பாத்தத்தானேடா பாத்த," என்றாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அன்று பிற்பகல் வார்டில் அவள் அயர்ந்து தூங்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவள் விரல் அசைந்தது.

நகம் அழுந்த, வெள்ளை விரிப்பில் ஒரு கோடு இழுத்தது. தாடை. காது. அவனுக்கு இருப்பதுபோலவே சற்றுக் கோணிய மூக்கு.

"அக்கா..." என்று கிசுகிசுத்தான்.

சீரான மூச்சுதான் பதில். கையைப் பிடித்து அமுக்கினான். இரும்பாகக் கனத்தது. விரல் மட்டும் மேலே ஏறி, கண்களுக்கு வந்ததும், ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கியது.

விரிப்பை நீவிவிட அவன் கை நீண்டது.

பாதியில் நின்றது.

அவன் வலது கண்ணில் ஏதோ உறுத்தியது.