நிறுத்தி வைத்த சாமுராய்

நிறுத்தி வைத்த படத்தில் சாமுராய் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றான். விமர்சகன் ரிமோட்டை அழுத்தியபோது அந்தப் பக்கம் இருந்தவன்.

‘நிறுத்தினால் படம் நழுவுகிறது’ என்று எழுதினான். நாற்பத்தொன்றாவது குறை. பன்னிரண்டு டிஸ்க் கொண்ட ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர், இது ஐந்தாவது. எல்லாம் குப்பை. சண்டையில் கை மட்டும் அசைகிறது, கால்கள் பசை போட்டு ஒட்டியதுபோல் நிற்கின்றன. கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. வசனம் வாய்க்கு முன்னால் ஓடுகிறது.

மனைவி இருந்தவரை நிறுத்தத் தேவையில்லை. அவள் பார்த்துச் சொல்வாள், இவன் எழுதுவான். அவள் போய் ஏழு மாதம். இப்போது ஒவ்வொரு குறைக்கும் நிறுத்தி, குனிந்து எழுதி, நிமிர வேண்டியிருந்தது.

மாலை நான்கு மணிதான். வெளிச்சம் படாமலிருக்கத் திரைச்சீலைகளை மூடியிருந்ததால் கூடத்தில் பழைய துணியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை தேங்கியிருந்தது. மின்விசிறியின் கிறீச்சலுக்கு நடுவே, பக்கத்து அறையில் உறங்கும் ஆறு வயது மகளின் மூச்சு சீராகக் கேட்டது. அவனுக்கு மிச்சமிருந்தது அந்த மூச்சு ஒன்றுதான்.

மறுபடி நிறுத்தினான். எழுதினான். நிமிர்ந்தான்.

சாமுராய் டிவியை நிறைத்து நின்றான். மூன்று கோட்டில் வரைந்த முகத்தில் இப்போது மயிர்க்கால்கள் இருந்தன. கீழுதடு ஈரமாயிருந்தது. டிவிக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. விமர்சகன் விரலால் துடைத்தான். போகவில்லை. ஆவி உட்புறம்.

ஓடவிட்டான். சாமுராய் மரத்தடிக்குப் போய் ஒன்பது எதிரிகளோடு சண்டையைத் தொடர்ந்தான்.

ஓடும்போது கதைக்குக் கட்டுப்பட்டவன். நிறுத்தினால் இல்லை.

டிஸ்க்கை வெளியே எடுக்கலாமா? அதற்கும் முதலில் நிறுத்த வேண்டும். வேண்டாம். தானாக முடியட்டும். முடிந்ததும் உடைத்துவிடலாம். இன்னும் பதினொரு நிமிடம்.

சமையலறையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பாப்பா விழித்துவிடுவாள் என்று ஓடினான். மைத்துனன். டிஸ்க்குகளை வெளியிட்டவன்.

“என்ன மாமா, பொம்மைப்படத்துக்கு மார்க் போட மூணு நாளா? அக்கா இருந்திருந்தா நல்லதா நாலு வரி எழுதியிருப்பா.”

“உன் அக்கா இருந்திருந்தா இந்தக் குப்பையைத் தூக்கி உன் மூஞ்சிலயே அடிச்சிருப்பா.”

“அவளுக்குக் கண்ணு இருந்துச்சு. உங்களுக்கு வாய் மட்டும்தான்.”

பதில் சொல்ல வாயெடுத்தான். கூடத்தில் வாள் சத்தம் நின்றது.

பிளேயர் கெட்டிருக்கும். கெட்டிருக்க வேண்டும்.

ஓடி வந்து வாசலில் நின்றான். தூக்கம் கலையாத முகத்தோடு பாப்பா டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரிமோட்.

“நான்தான் நிறுத்தினேன்பா. போன் வந்தா படத்தை நிறுத்தணும்னு அம்மா சொல்வாங்கல்ல?”

டிவியில் பனி. மரம். ஒன்பது எதிரிகள். சாமுராய் இல்லை.

ஒன்பது பேரும் வாளைத் தாழ்த்தியிருந்தார்கள். ஒரே இடத்தைப் பார்த்தார்கள். டிவிக்கு வெளியே. பாப்பாவின் தலைக்குச் சற்று மேலே.

“பாப்பா. எழுந்து இங்க வா.”

எட்டடி தூரம். கால் நகரவில்லை.

அவளுடைய சடை முதுகிலிருந்து மெல்ல எழுந்தது. நேராக. விறைப்பாக.

“ஆ… முடியை இழுக்காதீங்கப்பா,” என்றாள், திரும்பாமல்.