மாமி நம்பருக்கு வந்த அழைப்பு

"அதெல்லாம் எழுத வேணாம்னு சொல்றேன்ல!" காலைச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு, தோல் மண்டிக்குப் போக எழுந்தான் நாசர்.

அவன் மனைவி சர்புன்னிசா அடுப்படி வாசலிலேயே நின்றாள். மாமனார் முனீருக்கு அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தது. பெரிய வைத்தியம் என்றால் அது பத்தாது. அதற்கு மேல் ஒரு டாப்-அப் பாலிசி எடுக்க வேண்டும். அவருடைய பழைய நெஞ்சுவலியை மறைத்தால் பிரீமியம் குறைவு. சொன்னால் கூடுதல், அதோடு இருதய வைத்தியத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

"மறைச்சு வாங்கி, நாளைக்குத் தரமாட்டேன்னுட்டா மாமா கதி என்னங்க?"

"ரெண்டு வருசம் அத்தா நெஞ்சு பொறுத்துக்கிருமாக்கும்! மதினிக்கு அம்புட்டுப் பாசம்!" என்று இடித்தாள், புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த நாசரின் தங்கை ஃபாயிஸா.

நாசர் மறைத்தே எழுதினான். போன் நம்பர் என்ற இடத்தில் பழக்கத்தில் அம்மாவின் நம்பரைக் கொடுத்தான். கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அதுதான். அவன் அம்மா நர்கீஸ் மாமி மௌத்தாகி, அடக்கம் முடிந்து மூன்று வருடமாகியும் யாரும் மாற்றவில்லை. முனீர் அதற்கு ரீசார்ஜ் செய்து, போனைத் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

பாலிசி வந்தபோது அதில் நெஞ்சுவலி இருந்தது! கம்பெனியிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டு விசாரித்தபோது வீட்டுப் பெண் ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"இந்த வீட்ல வேற பொம்பள யாருடி இருக்கா?"

"அல்லாஹ் அறிய... நான் அந்தப் போனைத் தொட்டதே இல்லைங்க!"

நாசர் நம்பவில்லை. அத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைக்கூட அவளிடமிருந்து பறித்துக்கொண்டான். ஃபாயிஸா வந்தால் மதினி ஆக்கிய சோற்றையும் வெஞ்சனத்தையும் தொடுவதில்லை. மாமா அறையைப் பெருக்கும்போது, பூட்டிய பீரோவுக்குள் யாரோ செருமுவதுபோல் சர்புன்னிசாவுக்குக் கேட்கும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். யாரிடம் சொல்வது? பொய்க்காரி என்று ஆகிவிட்டதே...

பாலிசி எடுத்த மூன்றாம் வருடம் முனீர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆபரேஷன் முடிந்தது. ஏஜென்ட் அமலன் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

"பணம் முழுசா பாஸ் ஆயிருச்சு சார். மொதல்லயே சொன்னதால தப்பிச்சீங்க. மறைச்சிருந்தா ஒத்தப் பைசா வந்திருக்காது."

நாசர் தலை குனிந்தான். "நீ சொன்னதுதான் அத்தாவக் காப்பாத்துச்சு, சர்பு."

"எனக்கு அந்தப் பேரு வேணாங்க. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்... அது நானில்ல!"

அமலன் சிரித்தார். "அன்னைக்குப் பேசின ரெக்கார்டிங் எங்கிட்ட இருக்கேம்மா, கேளுங்க."

அவர் போனில் முதலில் ஒரு செருமல். பிறகு ஒரு குரல்:

"செத்த இருங்க தம்பி, கதவச் சாத்திட்டு வாரேன்... எங்க வீட்டு ஆளுக்கு நெஞ்சுவலி உண்டு. பிள்ளைக மறைக்குதுக. எழுதிக்கங்க. எம் மருமவளத் திட்டுவாக... நான் பாத்துக்கிறேன்."

"அம்மா!" ஃபாயிஸா சுவரைப் பிடித்தாள்.

முனீர் மட்டும் அதிசயப்படவில்லை. "அவதான்," என்றார்.

நாசர் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அமலன் நிற்பதையும் மறந்து அழுதான். "ஒன்னைய நம்பலையே சர்பு..." ஃபாயிஸா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "மதினி, ஒங்கள என்னென்ன பேசிட்டேன்!" மூவரும் அழுதார்கள்.

கட்டிலில் மாமா மெல்ல நகர்ந்து படுத்தார், ஓரத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு. அங்கே வைத்திருந்த தன் பையை, எதுவும் கேட்காமல் சர்புன்னிசா எடுத்துக்கொண்டாள்.