ஒன்றே முக்கால் வினாடி

தீர்வுச் சாவடிக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உப்பளத்துக்காரர்கள், தண்ணீர் வண்டிக்காரர்கள், ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள். எல்லாரும் கையோட்டு உரிமம் வைத்திருப்பவர்கள்.

தூத்துக்குடி நகருக்குள் தானோட்டி வண்டிகள் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வரைபடம் முடியும் இடத்தில் அவை நின்றுவிடும். உப்பளத்து வரப்புப் பாதைகள் ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறுவதால் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. அதனால்தான் கையால் ஓட்டுகிற சிலரை அரசு இன்னும் விட்டுவைத்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வண்டி ஓடும்போது இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும் சென்சார் அதை எண்ணிக்கொண்டே வரும்.

ஜெனிட்டா ஆறாவதாக நின்றாள். வீடு உப்பளத்து வரப்புக்கு அப்பால்; கணவன் கிளாட்வினுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இன்று அவனை மருத்துவமனையில் இறக்கிவிட்டதும் ஆட்டோவின் கைப்பிடி சிவப்பாக எரிந்தது. குற்றச்சீட்டு. தீர்வு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை வண்டி கிளம்பாது; அதை அங்கேயே விட்டுவிட்டுச் சாவடிக்கு நடந்து வந்திருந்தாள். அவன் வெளியே வர நான்கு மணி நேரம் இருந்தது.

சாவடிக்குள் பலவேசம் உட்கார்ந்திருந்தார். தீர்வுகளை மனிதக் குரல்தான் வாசித்துக்காட்ட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் அவருக்குச் சோறு போட்டது.

"வாங்கக்கா, ரேகைய வைங்க." திரையைப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார். "மாதா கோயில் முன்னாடி, வலது கை, ஒன்னே முக்கா வினாடி. என்னக்கா, முழுச் சிலுவை போட்டிருக்கீய?"

"சின்னதுலருந்தே பழக்கம்ணே. கோயிலப் பாத்தா கை தானா போயிருது."

"ஒரு வினாடி வரைக்கும் சலுகை இருக்குல்லா? உங்க ஆளுங்க எல்லாம் இப்ப நாக்காலதான் சிலுவை போடுதாக. வாய்க்குள்ள, மேலண்ணத்துல. நான் எசக்கியம்மன் கோயிலத் தாண்டும்போது கண்ண மட்டும் மூடித் தொறப்பேன். அம்மன் இதுவரைக்கும் ஒன்னும் கேக்கல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை.

"தீர்வச் சொல்லுங்கண்ணே."

பலவேசம் குரலை மாற்றிக்கொண்டு வாசித்தார். முதல் தீர்வு, ஒப்புக்கொள்ளல்: உரிமம் நூற்றிருபது நாள் முடக்கம். இரண்டாவது, மறுத்தல்: விசாரணை முடியும்வரை உரிமம் முடக்கம்.

"விசாரணை எப்ப வரும்?"

"போன வருசம் ஆடியில மறுத்தவருக்கு இப்பத்தான் தேதி வந்திருக்கு."

"அவருக்கு நாளக் கழிச்சு டயாலிசிஸ். அதுக்கு அடுத்து சனிக்கிழமை. ரெண்டு தடவ தவறுனா நெஞ்சுல தண்ணி கோத்துக்கிடும்ணே."

"மூணாவதக் கேளுங்க. பொறுப்பு மாற்றம். உங்க கவனத்தக் கலைச்சது பயணிதான்னு எழுதிக் குடுத்தா சீட்டு அவருக்குப் போயிரும். நூத்தியிருவது நாளு அவரு கையோட்டு வண்டியில ஏறக்கூடாது."

"அவரு ஏறுறதுக்குத்தான நான் ஓட்டுதேன்?"

"அது எனக்குத் தெரியுது. இந்தத் திரைக்குத் தெரியணும்லா?"

"மாதாதான் கலைச்சாகன்னு எழுத முடியாதோ?"

"மாதா பயணி இல்லையேக்கா."

இந்த முறை அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

"நாலாவது?"

"பழக்கத் திருத்தம். முடக்கம் கெடையாது. பன்னெண்டு நிமிசம், இங்கனயே முடிஞ்சிரும். உருளுற வண்டியில கை கைப்பிடிய விட்டு வராது. வண்டி நின்னுட்டா எப்பவும் போல."

"வலது கைக்கு மட்டுமா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான். ஒத்தக் கைக்குன்னு தனியா கெடையாது."

"பொறவு வேண்டாம்னா எடுத்துக்கிடலாமா?"

பலவேசம் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "எடுக்கச் சொல்லி மனு போட இதுல எடமே இல்லக்கா."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கிளாட்வின் வெளியே வர இரண்டரை மணி நேரம் இருந்தது. நான்காவதில் கட்டைவிரலை வைத்தாள்.

உள்ளறையில் ஒரு பெட்டிக்குள் இரண்டு உள்ளங்கைகளையும் நுழைக்கச் சொன்னார்கள். வெந்நீரில் வைத்ததுபோல இருந்தது, வலி இல்லை. பிறகு சுழலும் சக்கரமும் கைப்பிடியும் இருந்த ஒரு சோதனை இருக்கையில் உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்க வேண்டும் என்ற எண்ணம் தோளில் கிளம்பி முழங்கையைத் தாண்டி மணிக்கட்டில் நின்றுவிட்டது. விரல்கள் கைப்பிடியை இன்னும் அழுத்திப் பிடித்தன. பச்சை விளக்கு எரிந்தது.

மதியம் கிளாட்வினைத் தாங்கிக்கொண்டுவந்து பின்சீட்டில் உட்காரவைத்தாள். சீட்டு வந்ததையும் திருத்தம் செய்துகொண்டதையும் சொன்னாள். "இனிமே ஒழுங்கா ஓட்டுவன்னு சொல்லு," என்றான். பேசக்கூட அவனுக்குத் தெம்பில்லை. டயாலிசிஸ் முடிந்த நாட்களில் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். பாதித் தூரத்தில் கண் செருகிக் கழுத்து சாயும்.

நகருக்குள் ஒன்றும் ஆகவில்லை. உப்பளத்து வரப்பில் ஏறியதும் ஆட்டோ குலுங்கத் தொடங்கியது. கண்ணாடியில் அவன் இடப்பக்கமாகச் சரிவது தெரிந்தது. பழைய ஆட்டோ, பின்னால் இருக்கைப் பட்டையும் கிடையாது, கதவும் கிடையாது. மூன்று ஆண்டுகளாக இந்த இடத்தில் அவளுடைய இடது கை பின்னால் போகும். அவன் சட்டையைப் பற்றி ஒரு தள்ளு தள்ளி நிமிர்த்திவிட்டு, ஒரு வினாடிக்குள் திரும்பிவிடும். ஒரு பயணத்துக்குப் பத்துத் தடவையாவது. யோசித்துச் செய்ததில்லை என்பதால் சாவடியில் நின்றபோது அது அவள் நினைவுக்கே வரவில்லை.

கை போகவில்லை.

"ஏங்க! கம்பியப் பிடிங்க! ஏங்க!"

அவன் மேலும் சரிந்தான். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்ற வேகத்தில் அவன் முன்னால் வந்து இரும்புத் தடுப்பில் நெற்றி மோதிக் கீழே விழுந்தான். சக்கரம் நின்றதும் இரண்டு கைகளும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன.

இழுத்து உட்காரவைத்தாள். புருவத்துக்கு மேல் தோல் கிழிந்திருந்தது. துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தாள். சுற்றிலும் பாத்திகளில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கூப்பிடும் தூரத்தில் யாருமில்லை. முன்னால் இரண்டு கிலோமீட்டர் வரப்பு கிடந்தது. மீண்டும் சாய்வான். மீண்டும் நிறுத்தினால் மீண்டும் விழுவான்.

கிளாட்வின் கண்ணைத் திறந்து கைப்பிடியையும் அவள் கைகளையும் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

"சீட்டோட சேத்துக் கட்டுட்டி."

அவள் துண்டையும் துப்பட்டாவையும் முடிந்து அவன் மார்பைச் சுற்றிக் கொண்டுபோனாள். ஊசி குத்திய கையில் படாமல் இருக்க அவனே இரண்டு கைகளையும் தூக்கிக் கொடுத்தான்.

"இறுக்கு. இன்னும் இறுக்கு," என்றான். "நாளக் கழிச்சு வரும்போது கயிறு எடுத்துப் போட்டுக்க."