தண்ணீர் கேட்டு வந்தவர்

காலையில் நெரிடா சமன்படுத்திவிட்டுப் போன சாலை மண்ணில், பிற்பகலில் காலடித் தடம் கிடந்தது. வெறுங்கால். சாலையின் நட்டநடுவில் தொடங்கியிருந்தது. ஓரத்திலிருந்து ஏறி வந்த சுவடோ, வண்டி நின்ற அடையாளமோ எதுவுமில்லை.

சாலையை மட்டப்படுத்தும் கிரேடர் வண்டியை நிறுத்தி இறங்கினாள். பூட்ஸையும் மீறி மண் சுட்டது. உப்புப் புதர், சிவந்த சரளை, வெளுத்த வானம். இடப்பக்கம் பழைய கிணறு இருந்த மேடு. ஒட்டகங்கள் சுமை இழுத்த காலத்தில் பாதை அதை ஒட்டித்தான் போனது. பிறகு நேராகச் சாலை போட வந்தவர்கள் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். சேதி எட்டாமல் அந்தக் கோடையில் மந்தை ஓட்டி வந்த ஆட்கள், தூர்த்த மண்ணை விரலால் தோண்டியபடியே செத்துக் கிடந்தார்கள் என்று பீர் குடிக்கும் இடங்களில் இன்றும் சொல்வார்கள்.

தடம் முகாமை நோக்கிப் போயிற்று. அங்கே அவர்கள் தங்கும் கேரவன் வண்டியும் தண்ணீர்த் தொட்டியும், கணுக்கால் பிசகி நடக்க முடியாமல் கிடக்கும் அவள் கணவன் க்ளைவும்தான்.

ரேடியோவை எடுத்தாள். "கிழவா, இருக்கியா?"

"எங்க போவேன்? ஒத்தக்கால்ல டான்ஸ் ஆடவா?"

"யாராச்சும் வந்தாங்களா?"

"இப்பதான் ஒருத்தர் வந்தாரு. பாவம், உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. பேச்சே வரல. தண்ணி குடுத்துட்டிருக்கேன்."

தண்ணீருக்கு வந்தவனிடம் பெயர் கேட்கிற வழக்கம் இந்தச் சாலையில் இல்லை. முதலில் குவளை, மற்றதெல்லாம் அப்புறம். அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனாலும் வாய் வேறு சொன்னது.

"அவரை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திக்கோ."

"என்னடி பேசுற? நாம அப்படிப்பட்டவங்களா?"

கிரேடரை எவ்வளவு விரட்டினாலும் அது கிரேடர்தான். கண்ணாடியெல்லாம் அதிர, டீசல் நாற்றமும் சூடான தூசியும் தொண்டையை அடைக்க, சக்கரத்துக்கு முன்னால் நீண்டுகொண்டே போன அந்தத் தடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் ஓட்டினாள். போகப் போக அடிகளின் இடைவெளி அகன்றது. நடந்த கால் ஓடத் தொடங்கியிருந்தது.

ரேடியோ கரகரத்தது. "நெரி, கேன் எல்லாம் காலி. இப்போ தொட்டிக் குழாயிலயே வாய வெச்சுட்டாரு." சிரித்தான். பாதியில் நிறுத்தினான். "வயிறு உப்பவே இல்ல. எங்கதான் போகுதோ."

அவன் குரலுக்குப் பின்னால் விழுங்கும் சத்தம். மூச்சு வாங்காமல். இடைவெளியே இல்லாமல்.

"க்ளைவ், அங்கிருந்து விலகிப் போ. தவழ்ந்தாவது போ."

"தொட்டி தீந்துபோச்சு." குரல் தாழ்ந்தது. "நெரி... என்னையே பாக்குறாரு."

பிறகு விழுங்கும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

அதுவும் நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தபோது முகாமில் அசைவே இல்லை. குழாயடியில் எப்போதும் இருக்கும் சேறு பாளமாக வெடித்திருந்தது. அதைச் சுற்றிக் குருவிகள். ஒன்றைத் தொட்டாள். சருகு போல எடையில்லாமல் புரண்டது.

வந்தவரைக் காணோம்.

மடக்கு நாற்காலியில் க்ளைவ். முதுகு காட்டி.

"க்ளைவ்."

திரும்பினான். காய்ந்த தோல் மடங்கும் ஓசை. முகம் எலும்போடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் அவனுடையது. குவளையை நீட்டினான்.

இடுப்பிலிருந்த பாட்டிலைக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? ஒரே மடக்கு. வெற்றுப் பாட்டில் கீழே விழுந்தது. மறுபடி குவளை நீண்டது.

"இல்லடா. அவ்வளவுதான்." அழுதாள். "அவ்வளவுதான், க்ளைவ்."

அவன் எழுந்தான். பிசகிய காலை ஊன்றியே எழுந்தான். கிட்டே வந்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஈரத்தைப் பார்த்தான். உதடு பிரிந்தது. கறுத்து, வெடித்து, மெல்ல வெளியே வந்தது நாக்கு.